கரடியிடம் விலை கேட்ட தரகர்

வேலந்தாவளம் மாட்டுச் சந்தையில் ஈஸ்வரமூர்த்தி யார்மேலும் கை ஓங்கியதாக எவரும் சொல்ல முடியாது. கெட்ட வார்த்தை ஒன்று அவர் வாயில் வந்ததில்லை. நெற்றி நிறையத் திருநீறு, தோளில் துண்டு, பேச்சுக்குப் பேச்சு வாங்க, போங்க. அவரைக் கண்டதும் பாதிச் சந்தை வலது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்ளும். மரியாதை என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

அங்கே மாட்டு விலையை வாயால் சொல்வதில்லை. தரகரும் விற்பவரும் கையைக் கோத்துக்கொண்டு மேலே துண்டைப் போட்டு மூடுவார்கள். உள்ளே ஒரு விரலைப் பிடித்தால் நூறு, இரண்டைப் பிடித்தால் இருநூறு. சுற்றி நிற்பவர்களுக்குத் தெரியக் கூடாது என்பதால் முகத்தில் ஒன்றையும் காட்டக் கூடாது. அது சந்தை தர்மம். ஈஸ்வரமூர்த்தி அந்தத் தர்மத்தின் காவலர். அவருடைய கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்தால் குறடு. விலை படியாத விரலை அந்தக் குறட்டில் கவ்விப் பின்பக்கமாக மடக்குவார். பெருமாட்டி ஊர்க்காரர் காளிச்சாமி ஒரு ஜோடிக் காளைக்காக அரை மணி நேரம் அடம்பிடித்தார். பிறகு துண்டுக்கடியில் ‘டக்’கென்று ஒரு சத்தம் கேட்டது. "சரிதானுங்க" என்று சிரித்துக்கொண்டே சம்மதித்தார். நாலு பேர் பார்க்கும்போது வேறெப்படிச் சம்மதிப்பது? அப்புறம் புளியமரத்துக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தார். வெயில்தான் காரணம் என்று பேசிக்கொண்டார்கள்.

நல்ல பழக்கத்தைச் சந்தையோடு விட்டுவிடலாமா? வீட்டிலும் அதே துண்டுதான். மனைவி கமலாத்தாளின் இடது கைச் சுண்டுவிரல் தன் கூட்டாளிகளோடு சேராமல் வெளியே திரும்பி நின்றது.

எழுபத்தைந்தாம் வருசம் சித்திரை. பள்ளிக்கூடம் லீவு. கரடி பார்க்க வேண்டும் என்று மகள் மயிலாத்தாள் இரண்டு கோடையாக நச்சரித்துக்கொண்டிருந்தாள். கோயமுத்தூர் ரோட்டோரத்தில் மொக்கையன் என்பவன் சர்பத் கடை போட்டு, அதன் பின்னால் தகரக் கொட்டகையில் மிருகங்கள் காட்டிக்கொண்டிருந்தான். ஒரு கரடி, இரண்டு குரங்கு, ஒரு மலைப்பாம்பு. மலைப்பாம்பு உயிரோடு இருக்கிறது என்பதற்கு மொக்கையன் ஒருவனே சாட்சி.

புளிச்சோறு கட்டிக்கொண்டு மூவரும் பஸ் ஏறினார்கள். பக்கத்தில் கோழிக்கூடையோடு உட்கார்ந்திருந்த நாச்சம்மாள் என்கிற கிழவி, கமலாத்தாளின் கையைப் பார்த்துவிட்டாள்.

"ஏனம்மிணி, வெரலு இப்பிடிக் கோணிக் கெடக்குது?"

"அதுங்களா ஆத்தா, போன ஆடியில..."

ஈஸ்வரமூர்த்தியின் துண்டு தோளிலிருந்து நழுவி அவள் மடியில் விழுந்தது. அதன் அடியில் அவர் வலது கை வந்து சேர்ந்தது. பழைய விரல், பழைய குறடு.

கமலாத்தாள் சிரித்தாள். "அம்மிக் குழவி நழுவி உளுந்துருச்சுங்க ஆத்தா."

"பாத்து அரைக்கோணும் சாமி" என்றாள் கிழவி.

கொட்டகைக்குள் அடுப்பில் உட்கார்ந்தது போல இருந்தது. கரடி நாக்கைத் தொங்கவிட்டுப் படுத்திருந்தது. கொடுத்த காசுக்கு எழுந்து நிற்க வேண்டாமா? மொக்கையன் மூங்கில் கழியைக் கம்பிக்குள் விட்டு அதன் விலாவில் குத்தினான். எழவில்லை. மறுபடி குத்தினான். மூன்றாவது குத்தில் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது. கூட்டம் கைதட்டியது.

"சக்குபள்ளம் மலையில ஏலக்காத் தோட்டத்துல குட்டியாப் புடிச்சதுண்ணே" என்றான் மொக்கையன். "பயப்படாதீக. பல்லெல்லாம் புடுங்கியாச்சு."

ஈஸ்வரமூர்த்திக்கு நாலு கால் உள்ள எதைப் பார்த்தாலும் கை ஊறும். "என்னப்பா வெலை?"

"விக்கிறதுக்கு இல்லண்ணே."

"அப்பிடிச் சொன்னவனெல்லாம் எங்கிட்ட வித்துப்போட்டுத்தான் போயிருக்கறான். நீ சும்மா இரு, கரடியே சொல்லட்டும்."

துண்டை எடுத்தார். கம்பியைப் பிடித்திருந்த பாதத்தின் மேல் போட்டு மூடினார். கூட்டம் குலுங்கிச் சிரித்தது. "தரகரே, கரடி என்ன சொல்லுது?" என்று ஒருவன் கத்தினான். "கெராக்கி பண்ணுதப்பா" என்றவர், ஒரு விரலைத் தேடிப் பிடித்துப் பின்பக்கமாக மடக்கினார்.

கரடியின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சந்தைக்குப் பழகிய முகம். அப்படியே தலையைத் தாழ்த்தி மூக்கைத் துண்டுக்குள் விட்டது.

ஈஸ்வரமூர்த்தியின் அலறலில் குரங்குகள் இரண்டும் கூரைக் கம்பிக்குத் தாவின. மலைப்பாம்புகூட அசைந்தது. வெள்ளைத் துண்டு சிவந்து ஈரமாகிக் கம்பியில் ஒட்டியது. சிரித்த கூட்டம் சர்பத் பாட்டில்களை உருட்டிக்கொண்டு ரோட்டுக்கு ஓடியது. கமலாத்தாள் மொக்கையன் கையிலிருந்த கழியைப் பிடுங்கிக் கரடியின் மூக்கிலேயே அடித்தாள். கழி பிளந்தது. பிளந்த கழியாலும் அடித்தாள். கரடி வாயைத் திறந்ததும் ஈஸ்வரமூர்த்தி பின்னால் போய் விழுந்தார். அவளுக்குக் கை நிற்கவில்லை. திரும்பி மொக்கையன் முதுகில் இரண்டு வைத்தாள்.

"பல்லு இல்லீன்னு சொன்னயேடா!"

"முன்பல்லத்தான் தாயி சொன்னேன்! கடவாப்பல்ல யாரு கேட்டா?"

மயிலாத்தாள் அழுதுகொண்டே கேட்டாள்: "அப்பனோட வெரலு எங்கம்மா?"

கரடி எதையோ மென்றுகொண்டிருந்தது.

ஆசுபத்திரியில் தைத்துக் கட்டினார்கள். வலது கை ஆள்காட்டி விரல் அடியோடு போயிருந்தது. நாலரை மணி பஸ்ஸில் திரும்பினார்கள். கண்டக்டர் கைக்கட்டைப் பார்த்து, "எந்தா பற்றியது?" என்று மலையாளத்தில் விசாரித்தார். கரடி என்று சொன்னதும் முன்சீட்டுவரை எல்லாத் தலைகளும் திரும்பின. கோழியை மகள் வீட்டில் விட்டுவிட்டு வெறுங்கூடையோடு திரும்பிய நாச்சம்மாளும் அதே பஸ்ஸில்தான் இருந்தாள்.

"அட தெய்வமே! காத்தால உன்ற வெரலு, பொழுதோட உன்ற ஊட்டுக்காரர் வெரலா? ஆரு கண்ணம்மிணி பட்டுது?"

"கண்ணு இல்லீங்க ஆத்தா" என்றாள் கமலாத்தாள். "காத்தால நான் சொன்னது..."

ரத்தம் காய்ந்து விறைத்த துண்டு அவள் மடியில் வந்து விழுந்தது. அடியில் அவர் கை வந்தது. கட்டைவிரல் அவளுடைய சுண்டுவிரலைக் கண்டுபிடித்தது. கவ்வுவதற்கு எதிர்ப்பக்கம் ஆள் இல்லை. நடுவிரலைக் கூப்பிட்டுப் பார்த்தார். அது கட்டுக்குள் இருந்தது.

கமலாத்தாள் குனிந்து துண்டைப் பார்த்தாள். அதை எடுக்கவில்லை. இன்னும் நன்றாக இழுத்து மூடிவிட்டு, உள்ளே அவர் கைக்கட்டில், விரல் இருந்த இடமாகப் பார்த்துப் பிடித்து அழுத்தினாள்.

"அம்மிக் குழவி இல்லீங்க ஆத்தா" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். "இவருதான் முறுக்கி ஒடிச்சாருங்க. வேணும்னா அவரையே கேளுங்க."

பஸ் முழுவதும் ஈஸ்வரமூர்த்தியைப் பார்த்தது. கட்டிலிருந்து புது ஈரம் கசிந்து துண்டில் பரவியது. அவள் இன்னும் கொஞ்சம் அழுத்தினாள்.

அவர் சிரித்தார்.

"சரிதானுங்க" என்றார்.