தூரத்துக்கென்று செய்த கேமரா

எங்கள் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கும் என் கணவரின் படம், அவருடைய கம்பெனி அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கியது. போலீஸ்காரர் நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்பதுபோல் விறைப்பாக இருப்பார். அந்த மனிதர் வாழ்நாளில் ஒருநாளும் அப்படி இருந்ததில்லை. பூ வைக்கும்போதெல்லாம் எனக்கு அழுகையைவிட எரிச்சல்தான் முந்திக்கொண்டு வரும். வேறு படம் இல்லாமல் போனதற்கும் அவரேதான் காரணம். ஊரையெல்லாம் எடுத்தார், கல்யாணத்துக்குப் பிறகு தன்னை ஒருவர் எடுக்க விட்டதில்லை. அவருடைய போனில் நான் இருக்கிறேன், மகள் இருக்கிறாள், புவனகிரியில் வாங்கிவந்த பூசணிக்காய்கூட இருக்கிறது. அவர் இல்லை.

ஒரே ஒரு படம் மட்டும் நான் எடுத்திருந்தேன். அது ஒரு பழைய கேமராவுக்குள், கழுவாத பிலிமில் இருந்தது.

அந்தக் கேமரா வீட்டுக்கு வந்த கதையைச் சொல்ல வேண்டும். அவர் செம்மங்குப்பத்தில் ஒரு தொழிற்சாலையில் மீட்டர்களையும் வால்வுகளையும் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். சிதம்பரத்திலிருந்து தினமும் பஸ். ஒருமுறை வேலையாகச் சென்னைக்குப் போனவர், பழைய சாமான் கடையிலிருந்து இதைத் தூக்கிக்கொண்டு வந்து சாப்பாட்டு மேஜைமேல் வைத்தார். மேஜை முனகியது. கறுப்பாக, இரண்டு பக்கமும் பிடியோடு, இட்லிக் குண்டானுக்கு மூக்கு வைத்தாற்போல் இருந்தது. விமானத்திலிருந்து தரையைப் படமெடுக்கச் செய்ததாம். நம் வீட்டில் சைக்கிளே ஒன்றுதான் இருக்கிறது, இது எதற்கு என்று கேட்டேன். அவர் காதில் விழவில்லை.

ஒரு வாரம் அதைக் கழற்றுவதும் பூட்டுவதுமாக இருந்தார். நான் கறி நறுக்கும்போது பக்கத்தில் வந்து நின்று பாடம் நடத்துவார். பட்டனெல்லாம் ஏன் இத்தனை பெரிசு? மேலே குளிரும், கையுறையோடு அமுக்க வேண்டும். முன்னால் ஏன் மஞ்சள் கண்ணாடி? மேலிருந்து பார்த்தால் தெரியும் புகைமூட்டத்தை அது வெட்டிவிடும். வலது பக்கப் பிடியை ஒரு திருகு திருகினால் பிலிமும் நகரும், ஷட்டரும் தயாராகும். அதோடு உள்ளே காற்றை உறிஞ்சி, உள்ளங்கை அகலப் பிலிமைச் சுருக்கமில்லாமல் தட்டையாகப் பிடித்துக்கொள்ளும். அந்த நேரத்தில் அது ஒரு பெருமூச்சு விடும். அந்தச் சத்தத்துக்காகவே சும்மா திருகிக்கொண்டிருப்பார். யாரோ முன்பின் தெரியாத ஒருவர் உட்கார்ந்து இதையெல்லாம் யோசித்திருக்கிறார் என்பதில் அவருக்கு அப்படியொரு சந்தோஷம்.

நானும் கணக்கு டீச்சர்தானே, ஒரு குறை கண்டுபிடித்தேன். மற்ற கேமராக்களில் லென்ஸைத் திருகித் தூரம் வைப்பார்களே, அந்த வளையத்தைக் காணவில்லை.

"பிளேன்லேர்ந்து பாத்தா எல்லாமே தூரம்தான். அப்புறம் எதுக்குத் திருகணும்? கிட்ட இருக்கறது எதுவும் இதுக்குக் கண்ணு தெரியாது," என்றார்.

தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி, வீட்டில் இருப்பவள்தான் தெரிய மாட்டாள் என்றேன். சிரித்தார். அவர் எனக்கு அத்தை மகன். சின்ன வயசிலிருந்தே நான் பேசுவதற்கெல்லாம் சிரித்துப் பழகியவர்.

கேமராவோடு ஒரு டப்பா காலாவதியான பிலிமும் வந்திருந்தது. அதைக் கஞ்சத்தனமாகச் செலவழித்தார். மொட்டைமாடியிலிருந்து கோபுரம், கரையிலிருந்து வெள்ளாற்றுப் பாலம். ரோல் முழுதும் முடிந்தபிறகுதான் கழுவ வேண்டும் என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சாமியார்பேட்டை கடற்கரைக்குப் போயிருந்தோம். என்னைத்தான் எடுக்க வந்தார். கிட்டே நின்றால் கலங்கிவிடுமென்று போ, இன்னும் போ என்று மணலில் துரத்தினார். எடுத்து முடித்ததும் நான் பிடிவாதம் பிடித்தேன். இப்போது நீங்கள் போங்கள், நான் எடுக்கிறேன். எப்படியோ ஒத்துக்கொண்டார். கட்டுமரங்கள் கிடந்த இடம்வரை போய்த் திரும்பி நின்றார். அங்கிருந்து என்னைப் பார்த்துக் கையாட்டினார்.

"அங்கயே நில்லுங்க மாமா, அசையாதீங்க," என்று கத்தினேன்.

தூக்கிப் பிடித்தபோதுதான் அதன் கனம் தெரிந்தது. குறி பார்க்க ஒரு கம்பிச் சட்டம்தான், அதற்குள் அவர் எறும்பளவு இருந்தார். பிடியைத் திருகினேன், பாதியில் மாட்டிக்கொண்டது. கேமராவை இறக்கி, அதையே குனிந்து பார்த்தபடி திரும்பத் திரும்பத் திருகினேன். கை வெடவெடவென்று ஆடியது. பட்டாசு வெடித்தாலே கண்ணை மூடிக்கொள்கிறவள் நான், மறுபடி தூக்கியதுமே இறுக மூடிக்கொண்டுதான் விசையை அமுக்கினேன். கண்ணைத் திறந்தால் அவர் பக்கத்தில் நின்று கேமராவை வாங்கிக்கொண்டிருந்தார். நன்றாக எடுத்துவிட்டேன் என்ற பெருமையோடு அன்றைக்குச் சுண்டல் தின்றேன்.

அடுத்த மழைக்காலத்தில், வேலைக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

அதன்பிறகு எனக்கு அந்த ரோல் ஒன்றுதான் நினைப்பு. அதற்குள் அவர் முகம் இருக்கிறது, அதுவும் கேமராவைப் பார்க்காமல் என்னைப் பார்த்த முகம். புதுச்சேரியில் இருக்கும் என் தம்பி, இந்த அகலப் பிலிமைக் கழுவத் தெரிந்த ஒருவரைத் தேடிக் கண்டுபிடித்தான். நான் திருவந்திபுரம் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டேன். இதற்குக்கூடவா வேண்டுதல் என்று மகள் கேட்டாள். ஆமாம், இதற்குத்தான்.

தம்பி உறையைக் கையில் வைத்துக்கொண்டு கொடுக்கத் தயங்கினான். "மாமா மட்டும் சரியா வுழலக்கா. பிலிம் பழசு இல்லியா," என்றான்.

பிலிம்மேல் ஒரு குறையுமில்லை. கட்டுமரங்களின் கயிற்று முடிச்சுகூடத் தெரிந்தது. அவற்றின் பக்கத்தில் ஒரு நாய் படுத்திருந்தது, அதன் காது தெரிந்தது. நான் நிற்கச் சொன்ன இடத்தில் யாருமில்லை. நடுவில், மிக அருகில், வெள்ளைச் சட்டையாக ஒரு பெரிய கலங்கல். அதிலிருந்து ஒரு கை மட்டும் என் பக்கம் நீண்டிருந்தது.

என் கை ஆடுவதை அவர் அங்கிருந்தே பார்த்திருக்கிறார். பாரம் தாங்கமாட்டாள் என்று ஓடி வந்திருக்கிறார். கிட்டே வந்தால் தெரியாது என்று எனக்கு அத்தனை பாடம் எடுத்தவருக்கு, அந்த நேரத்தில் அது நினைவில்லை. கோபம் கோபமாக வந்தது. சொன்ன இடத்திலேயே நின்றிருந்தால் எனக்கு அந்த முகம் கிடைத்திருக்கும். தம்பி முன்னாலேயே வாய்விட்டு அழுதேன்.

ஹாலில் இன்னமும் அடையாள அட்டைப் படம்தான். இது என் பீரோவில், புடவைகளுக்கு மேலே இருக்கிறது. சில காலைகளில் எடுத்துப் பார்க்கிறேன். எனக்கு வெள்ளெழுத்து வந்து சில வருஷமாகிறது. அவர் இருந்தவரை, தூங்கி எழுந்ததும் பக்கத்தில் படுத்திருக்கும் முகம் இப்படிக் கலங்கலாகத்தான் தெரியும். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டால் முகம் வந்துவிடும். இந்தப் படத்துக்கும் போட்டுப் பார்த்தேன். வரவில்லை.