மலைமேல் மறுசோறு

எங்கள் சொந்தத்தில் கல்யாணமோ காதுகுத்தோ எது நடந்தாலும் பந்தி விசாரிக்கும் வேலை என் மச்சானுக்குத்தான். மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். திருவரங்குளத்தில் உரக்கடை வைத்திருக்கிறார். பரிமாறத் தனியாக ஆட்கள் இருப்பார்கள். இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இலைகளுக்கு நடுவே நடப்பார். யார் இலையில் சோறு குறைகிறது, யார் ரசத்துக்கு முன்பே எழப் பார்க்கிறார்கள் என்று கவனித்துப் பரிமாறுகிறவர்களை அங்கே அனுப்புவார்.

முதல் தடவை கேட்டதும் மறுசோறு வாங்கிக்கொள்கிறவர்கள் எங்கள் பக்கம் குறைவு. இலைக்கு மேல் கையைக் குடை மாதிரி பிடித்து "போதும் போதும்" என்பார்கள். "அட, கோழி கொத்துன மாதிரி வச்சிருக்கீங்க" என்று இரண்டாவது தடவை அதட்டும்போது குடை சற்று உயரும். மூன்றாவது தடவை ஒதுங்கிவிடும். இதை யாரும் பொய் என்று நினைப்பதில்லை. வேண்டாம் என்பது சாப்பிடுகிறவரின் மரியாதை. அதைக் காதில் வாங்காமல் போடுவது வீட்டுக்காரரின் மரியாதை. மச்சானின் அதட்டலுக்கு முன் உயராத குடையை நான் பார்த்ததில்லை.

அவருடைய கடையில், கல்லாவுக்கு மேலே ஒரு பழைய காலண்டர் தொங்குகிறது. தேதித் தாள்கள் எல்லாம் போய் அட்டை மட்டும்தான் மிச்சம். அட்டையில் ஒரு பனிமலை, அதன் உச்சியில் காலை வெயில். யூரியா வாங்க வருகிறவர்கள் யாராவது, "இது எங்கண்ணே இருக்கு?" என்று கேட்பார்கள். "இமயமலை" என்பார். "போயிருக்கீங்களா?" என்று அடுத்த கேள்வி வரும். அதற்குப் பதில் சொல்லாமல் மூட்டையை எடைபோடப் போய்விடுவார்.

பெங்களூரில் வேலை பார்க்கும் அவருடைய மகள், அந்த அட்டையைத் தன் போனில் படமெடுத்துத் தேடி, அது கஞ்சன்ஜங்கா என்று கண்டுபிடித்தாள். டார்ஜிலிங் பக்கத்தில் ஒரு மலைமுகட்டின் மேல் நடந்துபோனால் அதே மலையை நேருக்கு நேர் பார்க்கலாம், பகல் முழுவதும் நடை, ஒவ்வொரு சாயங்காலமும் ஒரு மலைக்குடிலில் தங்கல், கூட வழிகாட்டி வருவார் என்று விவரம் சொன்னாள். சொன்ன சூட்டோடு பதிவும் செய்துவிட்டாள். ஒரே ஒரு நிபந்தனை, நானும் கூடப் போக வேண்டும்.

"மாமாவுக்கு இந்தி தெரியும்ப்பா. ஒரு வார்த்தை கூடாம குறையாம சொல்லுவாங்க" என்றாள்.

நான் மஸ்கட்டில் ஸ்டோர் கீப்பராக இருந்தவன். கூடாமல் குறையாமல் சொல்வதுதான் என் தொழில். அந்தப் பாராட்டே மலைமேல் எங்களுக்கு வினையாக வரும் என்று அப்போது தெரியவில்லை.

பயிற்சிக்கு நார்த்தாமலை. முதுகுப் பைக்குள் அரிசிப் பையைத் திணித்துக்கொண்டு, விஜயாலய சோழீச்சரத்துக்குப் போகும் பாறையில் விடியற்காலையில் ஏறுவோம், இறங்குவோம், மறுபடி ஏறுவோம். அங்கே ஆடு மேய்க்கும் அம்மா ஒருவர் சில நாள் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "என்ன வேண்டுதலுங்க?" என்று கேட்டார்.

"வேண்டுதல் இல்ல ஆத்தா. இமயமலைக்குப் போறம்" என்றார் மச்சான்.

"அது வடக்கயில்ல இருக்கு? இங்கிட்டு ஏறி என்ன பண்றீங்க?"

மச்சான் மூச்சு வாங்கிக்கொண்டே மறுபடி பாறையில் ஏற ஆரம்பித்தார்.

ரயிலிலும் ஜீப்பிலுமாக மலையடிவாரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். எங்கள் வழிகாட்டி முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண். குள்ளம், சிரிப்பு குறைவு. மச்சான் பார்த்த உடனே அவளைத் "தாயி" என்று கூப்பிட ஆரம்பித்தார், அவளும் அது தமிழில் வழிகாட்டிக்கு உள்ள சொல் என்று எடுத்துக்கொண்டாள். எங்களோடு பெங்களூரிலிருந்து வந்த ஒரு இளம் தம்பதியும் சேர்ந்துகொண்டார்கள். புறப்படும்முன் வழிகாட்டி இந்தியில் விதிகளைச் சொன்னாள். மெதுவாக நடக்க வேண்டும். தண்ணீர் குடிக்க வேண்டும். தலை வலித்தால் மறைக்கக் கூடாது. உயரம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு முதலில் போவது பசிதான். அதனால் அவள் தட்டுகளைப் பார்ப்பாள். சாப்பிடாதவர்களை மேலே கூட்டிப்போக மாட்டாள். இரண்டாவது குடில் வரை ஜீப் பாதை உண்டு, அங்கிருந்து கீழே அனுப்பிவிடுவாள்.

நான் எல்லாவற்றையும் மச்சானுக்குச் சொன்னேன். "சாப்புடாதவன எவன் கூட்டிட்டுப் போவான்? நியாயந்தானே" என்றார்.

என் மனைவி கொடுத்துவிட்ட முறுக்கை அவர் முதல் நாள் மத்தியானத்துக்குள் தீர்த்துவிட்டார். அவர் தின்றது ஒன்றோ இரண்டோதான். எதிரில் வந்த நடைப்பயணிகள், மூட்டை தூக்குகிறவர்கள், கோவேறு கழுதைக்காரர் என்று கண்ணில் பட்டவர்கள் கையிலெல்லாம் திணித்தார். வேண்டாம் என்றவர்களுக்கு இரண்டு கூடுதலாகக் கிடைத்தது.

முதல் குடில் பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக ஒரு முகட்டில் நின்றது. உள்ளே அடுப்பைச் சுற்றி நீளப் பெஞ்சுகள். குடிலை நடத்தும் அக்கா சோறு, பருப்பு, உருளைக்கிழங்கு, ஒரு கீரை வைத்தார். மச்சான் பகலெல்லாம் நடந்த பசியில் தட்டைக் காலி செய்துவிட்டார். அக்கா சோற்றுப் பாத்திரத்தோடு வந்து, இன்னும் வேண்டுமா என்று கேட்டார். மச்சானின் கை குடையானது.

"போதும் போதும்."

அக்கா என்னைப் பார்த்தார். நான் இந்தியில், "போதும் என்கிறார்" என்றேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை. அக்கா தலையசைத்துவிட்டுப் பெங்களூர்த் தம்பதியிடம் போனார். மச்சான் குடையை எடுக்காமல், போகிற பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன மாப்ள, போயிருச்சு?"

"வேண்டாம்னு சொன்னீங்களே மச்சான்."

"சொன்னா?"

மறுநாள் காலை ரொட்டிக்கும் இதேதான். மத்தியான நூடுல்ஸுக்கும் இதேதான். வெட்கத்தில் அவர் முதலில் வைத்ததையே பாதி மிச்சம் வைத்தார், அதைப் பார்த்தாவது யாராவது அதட்டுவார்கள் என்று. யாரும் அதட்டவில்லை. நான் வாங்கித் தருகிறேன் என்றதற்கு, "மாப்பிள்ளைய விட்டுச் சோறு கேக்கச் சொன்னான்னு பேராயிரும், சும்மா இருங்க" என்றார். எனக்கும் மொழிபெயர்ப்பதற்கு மேல் எதுவும் தோன்றவில்லை.

அன்று ஏற்றத்தில் அவர் பின்தங்கினார். அடிக்கடி கொட்டாவி விட்டார். வழிகாட்டி அவர் விரலில் ஆக்சிஜன் அளவு காட்டும் கிளிப்பை மாட்டிப் பார்த்தாள். அதில் ஒன்றும் குறையில்லை. தலை வலிக்கிறதா என்று கேட்டாள். நலம் விசாரிக்கிறவர்களிடம் ஒரு குறையும் இல்லை என்று சொன்னால் கண்பட்டுவிடும் என்பது மச்சானின் நம்பிக்கை.

"லேசாத்தான் தாயி. வயசாவுதுல்ல" என்றார்.

அதையும் அப்படியே சொன்னேன்.

இரண்டாவது குடிலுக்கு வந்து சேர்ந்ததும் அவள் என்னைத் தனியே கூப்பிட்டாள். பெரியவர் நேற்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை, தலைவலி வேறு, நாளைக் காலை ஜீப்பில் இறங்கட்டும் என்றாள். நான் மச்சானிடம் போய்ச் சொன்னேன். அவர் காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். பாதி கழற்றிய நிலையில் கை நின்றுவிட்டது.

"இன்னும் ஒரு நாள் ஏறுனா அந்த மலைதானே மாப்ள?"

"ஆமா மச்சான்."

"கடையில கேக்குறவங்ககிட்ட இனிமே என்ன சொல்றது? ஜீப்புல எறக்கி விட்டுட்டாங்கன்னா?"

நான் வழிகாட்டியிடம் திரும்பிப் போனேன். எங்கள் ஊரில் வேண்டாம் என்றால் இன்னும் கேளுங்கள் என்று அர்த்தம், மூன்றாவது தடவைதான் முடிவு என்று விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். இறக்கிவிடுவேன் என்றதும் எல்லோருக்கும் ஒரு கதை இருக்கும் என்றாள். போன மாதம் ஒருவர் விரதம் என்று சொல்லிப் பாதி வழியில் மயங்கி விழுந்தாராம். மலைமேல் யாரையும் வற்புறுத்திச் சாப்பிடவைப்பது வழக்கமில்லை, உடம்பு கேட்டால் அதுவே வாங்கிக்கொள்ளும், ராத்திரித் தட்டைப் பார்த்து முடிவு செய்கிறேன் என்றாள்.

சாப்பாட்டுக்கு இன்னும் நேரமிருந்தது. நான் மச்சானை உட்காரவைத்து ஒத்திகை பார்த்தேன். என் எவர்சில்வர் டப்பாவின் மூடிதான் தட்டு, பல்துலக்கும் பிரஷ்தான் கரண்டி.

"இன்னும் கொஞ்சம் சோறு?"

"போதும் போதும்."

"மச்சான்."

"கை தானாப் போவுது மாப்ள. மொதத் தடவையே தட்ட நீட்டுனா, பட்டினி கெடந்தவன்னு நெனைக்க மாட்டாங்க?"

"பட்டினிதானே கெடக்கீங்க?"

"அது நமக்குத் தெரியும். அவங்களுக்கு எதுக்குத் தெரியணும்?"

திரும்பத் திரும்பச் செய்து பார்த்தோம். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு மூடியை நீட்டும் அளவுக்குத் தேறினார்.

சாப்பாடு வந்தது. இந்தக் குடிலை நடத்துகிறவரும் ஒரு அக்காதான், முந்தையவரைவிட வயது கூடியவர். எல்லோரும் ஒரே நீளப் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். கடைசியில் வழிகாட்டி, கண் எங்கள் பக்கம். மச்சான் முதல் தட்டை முடித்தார். அக்கா பாத்திரத்தோடு வந்து கேட்டார். மச்சான் கண்ணை மூடினார். கை எழுந்தது, தட்டுக்கு மேல் போய் விரிந்து நின்றது.

"போதும்."

வழிகாட்டி தன் தட்டைக் கீழே வைத்தாள். அக்கா நகர்ந்தார். மச்சான் கண்ணைத் திறந்து தன் கையைப் பார்த்தார், அது வேறு யாருடைய கையோ என்பது போல. பிறகு வரிசையைப் பார்த்தார். பெங்களூர்ப் பெண் பாதிச் சோற்றில் தட்டை நகர்த்திக்கொண்டிருந்தாள். அவள் கணவன் பருப்பில்லாமல் வெறும் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். அதைப் பார்த்ததும் மச்சானால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்தார், கையைக் கழுவினார், வேட்டி கட்டும் பழக்கத்தில் கம்பளிக் காற்சட்டையை இடுப்பில் இழுத்துவிட்டுக்கொண்டார். அக்காவிடமிருந்து பாத்திரத்தையும் கரண்டியையும் வாங்கினார். அக்கா மலைத்துப்போய்க் கொடுத்துவிட்டார்.

"என்னம்மா இது, குருவிக்கு வச்ச மாதிரி? கைய எடு. நாளைக்கு யாரு நடக்குறது, ஒம் மாமியாரா?"

அந்தப் பெண்ணுக்குத் தமிழ் ஒரு சொல் தெரியாது. சிரித்துக்கொண்டே கையை எடுத்தாள். கணவன் தட்டில் பருப்பு விழுந்தது, கேட்காமலே இன்னொரு கரண்டியும் விழுந்தது. எனக்கும் விழுந்தது. மச்சான் அப்படியே நடந்து வழிகாட்டியிடம் போனார். அவள் இரண்டு கையாலும் தட்டை மூடினாள். இந்தியில் வேண்டாம் என்றாள்.

"அதெல்லாம் எனக்குத் தெரியும் தாயி. எடு."

நேபாளியில் வேண்டாம் என்றாள்.

"ஊருசனத்தையெல்லாம் மலையேத்துற புள்ள, நீ சாப்புடலேன்னா எப்புடி? எடும்மா கைய."

அவள் என்னைப் பார்த்து, என்ன சொல்கிறார் என்றாள். "இரண்டு தடவை ஆகிவிட்டது, இனி தப்பிக்க முடியாது என்கிறார்" என்றேன். மஸ்கட் நாட்களிலிருந்து எண்ணினாலும் நான் கூட்டிச் சொன்ன முதல் மொழிபெயர்ப்பு அதுதான். அவள் கை விலகியது. சோறு விழுந்தது. அதை அவள் முடித்ததும் மச்சான் மறுபடி அங்கே நின்றார்.

வரிசை முழுவதும் முடிந்ததும் பாத்திரத்தை அக்காவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு மச்சான் தன் இடத்தில் வந்து உட்கார்ந்தார். அக்கா பின்னாலேயே வந்தார். நடந்ததையெல்லாம் அடுப்படியில் நின்று பார்த்திருக்கிறார். இம்முறை ஒன்றும் கேட்கவில்லை. மச்சானின் கை வழக்கம்போல் குடையானது. அக்கா அந்தக் கையை மணிக்கட்டில் பிடித்து, ஒரு மூடியை எடுப்பது போல எடுத்து ஓரமாக வைத்துவிட்டுச் சோற்றைக் கவிழ்த்தார். மேலே பருப்பு. அதன்மேல் கீரை. மச்சான் தலை நிமிராமல் சாப்பிட்டார். பாதியில் என் பக்கம் சாய்ந்து, "நல்ல குடும்பத்துப் பொம்பள" என்றார்.

வழிகாட்டி ஏப்பத்தை அடக்கிக்கொண்டு, "பெரியவர் நாளைக்கு வரட்டும்" என்றாள்.

மறுநாள் ஏற்றம் கடுமையாக இருந்தது. மச்சான் முன்னால் நடந்தார். வழிகாட்டி வயிற்றில் கைவைத்துக்கொண்டு கடைசியில் வந்தாள். உயரத்தில் மெதுவாக நடப்பதுதான் நல்லது என்று அன்று அடிக்கடி சொன்னாள்.

மேல்குடிலை அடைந்தபோது நாலாபுறமும் மேகம். மலை இருக்கும் திசையில் வெள்ளைச் சுவர் எழுப்பிய மாதிரி இருந்தது. சாயங்காலம் வரை மச்சான் ஜன்னலை விட்டு நகரவில்லை. "வராட்டிப் போவுது. வந்தமே" என்று என்னிடம் சொன்னார். சொன்ன விதத்தில் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

விடியும் நேரத்தில் வழிகாட்டி கதவைத் தட்டி, மலை தெரிகிறது, வருகிறீர்களா என்று கேட்டாள். ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். நான் எழுந்து கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொள்வதற்குள் பக்கத்துக் கட்டில் காலி. ஷூ இரண்டும் கட்டிலடியிலேயே இருந்தன. எடுத்துக்கொண்டு ஓடினேன்.

உறைபனி படிந்த புல்மேல், வெறும் காலுறையோடு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு அவர் நின்றிருந்தார். எதிரில் மலை. நான் அதை வர்ணிக்கப் போவதில்லை. உரக்கடை அட்டையில் இருந்த அதே மலைதான், அதே காலை வெயில். ஆனால் அட்டை ஒரு முழ அகலம், இது வானத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை இருந்தது. மச்சானின் கண்ணில் நீர் வழிந்தது. குளிர்காற்று என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஷூவை அவர் காலடியில் வைத்தேன். அவர் கவனிக்கவில்லை.

மலையின் இடது ஓரத்தைக் கைகாட்டினார்.

"எடது பக்கம் ஒரு மரம் இருக்கணும் மாப்ள."

"என்ன மரம்?"

"நம்ம படத்துல இருக்குல்ல, எடது பக்கம், ஊசி எலை மரம். இங்க காணோம்."

"வெட்டியிருப்பாங்க மச்சான்."

"இருக்கும்" என்றார். "மத்தபடி அப்படியேதான் இருக்கு."

ஊர் திரும்பிய வாரத்தில் கடைக்குப் போய் அட்டையைப் பார்த்தேன். மரம் வலது பக்கம் இருந்தது. நான் அதை அவரிடம் சொல்லவில்லை. அப்போது ஒருவர் டி.ஏ.பி. உரம் வாங்க வந்திருந்தார், நிமிர்ந்து பார்த்துவிட்டு, "போயிருக்கீங்களாண்ணே?" என்று கேட்டார். மச்சான் எடைபோடப் போகவில்லை. எதிரில் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க. டீ சொல்றேன்."

"வேணாண்ணே, இப்பத்தான் குடிச்சேன்."

"அதெல்லாம் எனக்குத் தெரியும். உக்காருங்க" என்றார் மச்சான்.