டயானா எழுதிய பதினாறு எண்கள்

முப்பத்திரண்டு வருஷம் கல்லூரியில் கணக்கு சொல்லிக்கொடுத்த நான், கணக்கு உயிரோடு நடமாடுவதைப் பார்த்தது அடையாறில் ஒரு மாடிக் கடையில்தான். காட்டியவள் டயானா. இருபத்திரண்டு வயது. பட்டினப்பாக்கம் மீனவர் குப்பத்திலிருந்து பஸ்ஸில் வந்து, ஷஃபியுல்லாவின் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் வேலை பார்த்தாள்.

1997 விஜயதசமி. அன்றைக்குப் புதிதாக ஒன்றைப் படித்தாக வேண்டும் என்பது எங்கள் மயிலாப்பூர் வீட்டு வழக்கம். முதல் நாள் பூஜையில் புத்தகங்களோடு குங்குமம் வைத்து அடுக்கியிருந்த லேப்டாப்பை நான்தான் எடுத்தேன். அது என் மகள் ஹம்சினியுடையது. கையேட்டைத் திறந்தால், ஹார்ட் டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரிப்பது எப்படி என்று ஒரு பாடம். படித்ததோடு விட்டேனா? திரை கேட்ட கேள்விக்கெல்லாம் சமத்தாகச் ‘சரி’ என்று தட்டினேன். டி டிரைவ் காணாமல் போயிற்று. பயந்துபோய் லேப்டாப்பை அணைத்தேன்.

பாலவாக்கம் கடற்கரை நண்டுகளைப் பற்றி ஹம்சினி ஐந்து வருஷம் உழைத்து எழுதிய ஆராய்ச்சி அதில்தான் இருந்தது. திங்கட்கிழமை பல்கலைக்கழகத்தில் கொடுத்தாக வேண்டும். நகல் எடுத்து வைக்காத அசடா அவள்? எடுத்து வைத்திருந்தாள், அதே டி டிரைவில். என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. பேசுவதையே நிறுத்திவிட்டாள்.

இரண்டு கடைகளில் கைவிரித்தார்கள். மூன்றாவதாக டயானாவிடம் போனோம்.

“அழிச்சதோட நிறுத்தினீங்களா? புச்சா எதுனா போட்டீங்களா சார்?”

“இல்லைம்மா. பயத்துல அணைச்சுட்டேன்.”

“அப்போ உள்ள அப்படியே கீது. எங்க ஆரம்பம், எங்க முடிவுன்னு டிஸ்க்கு முன்னால பதினாறு எண்ணுல ஒரு குறிப்பு இருக்கும். அதத்தான் அழிச்சிருக்கீங்க.”

திரை முழுக்க எண்கள் வந்தன. பதினாறின் அடிமானத்தில் எழுதப்பட்டவை. வகுப்பில் அரை மணி நேரத்தில் நான் கடந்துபோகும் பாடம் அது. யாருக்கு உதவும் என்று நானே பிள்ளைகளிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். டயானாவோ பேப்பர் படிப்பதுபோல் அதைப் பக்கம் பக்கமாகப் படித்துக்கொண்டே போனாள். ஒரு பக்கத்தில் விரல் நின்றது.

“இதான் சார் ஆரம்பம். தன்னோட நீளத்த அதுவே சொல்லிக்கினு கீது, பாருங்க.”

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இருந்தாலும் வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா? அவள் காட்டிய நான்கு எண்களைக் காலண்டர் தாளில் பெருக்கிக் கூட்டி, “நூத்தெட்டு கோடி சொச்சம்” என்றேன் பெருமையாக.

“நூத்தியெட்டு கோடி துண்டா? ஒரு துண்டுலயே ஐநூறு எழுத்துக்கு மேல புடிக்கும். அம்மாம் பெரிய டிஸ்க் மெட்ராஸ்லயே கெடையாது சார்! கடைசிலேர்ந்து திருப்பிப் படிக்கணும். பத்து லட்சத்து இருபத்தி மூவாயிரத்து நாப்பது.”

மனக்கணக்கு! எங்கே படித்தாய் என்று கேட்டேன். பிளஸ் டூவில் கணக்கில் ஃபெயிலாம். யாரும் வாங்காத பழைய டிஸ்க்குகளைச் சாப்பாட்டு வேளைகளில் மாட்டிப் பக்கம் பக்கமாகப் படித்தே இத்தனையும் பிடித்துக்கொண்டாளாம்.

“கடல்ல வழி கண்டுபிடிக்கிற குடும்பம், ரத்தத்துலயே இருக்கும்” என்றேன்.

“எங்கப்பா ஐஸ் வண்டி ஓட்றாரு சார்” என்றாள், திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

பிறகு, நான் அழித்த இடத்தில் அந்தப் பதினாறு எண்களையும் ஒவ்வொன்றாக எழுதினாள். ஒன்று தப்பினாலும் டிரைவ் திறக்காது. லேப்டாப்பை அணைத்துத் திரும்பப் போட்டாள்.

டி டிரைவ் வந்தது. ஹம்சினி கடைசி அத்தியாயத்தைத் திறந்தாள். பாதியில் நின்ற வாக்கியம் அப்படியே இருந்தது. டயானாவின் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினாள். நான் சுவரைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஐந்து வருஷ உழைப்பைப் பதினாறே எண்களால் மீட்டு வந்த பெண்ணை நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

“இன்னா சார் நீங்க! மொதல்ல எல்லாத்தையும் ஃப்ளாப்பில ஏத்தணும். எங்கிட்ட ரெண்டுதான் கீது.”

ஹம்சினி என் பக்கம் திரும்பினாள்.

“அப்பா, கீழ கடையில ஒரு பெட்டி ஃப்ளாப்பி வாங்கிண்டு வா.”

அப்பா என்றாளே! அறுபத்து மூன்று வயதில் இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினேன்.