நான் லேமினேட் செய்து கொடுத்த சட்டம்

நடந்து இரண்டு வருடம் ஆகிறது. தை மாதம். திருவண்ணாமலையில், அரசு அலுவலகங்கள் வரிசையாக இருக்கிற வேங்கிக்கால் பக்கம் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. இன்றைக்கும் இருக்கிறது. திங்கட்கிழமை ஆனால் எதிரே உள்ள பெரிய அலுவலகத்தில் மனு வாங்குவார்கள். மாவட்டத்தில் உள்ள அத்தனை கஷ்டமும் அன்றைக்கு என் கடை வழியாகத்தான் உள்ளே போகும். மனு எழுதுவது, டைப் அடிப்பது, ஆதார் நகல் எடுப்பது எல்லாம் நான்தான்.

இருபது வருடம் இப்படி மற்றவர்களின் காகிதத்தைத் தொட்டுத் தொட்டு எனக்கு ஒரு நோய் வந்துவிட்டது. எனக்குச் சட்டம் தெரியும் என்கிற நோய். பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். ஆனால் "பட்டாவா? கூட்டுப் பட்டாவா? தனிப் பட்டாவா?" என்று நான் கண்ணாடியை மூக்குநுனிக்கு இறக்கிக் கேட்டால், எதிரில் நிற்பவர் கையைக் கட்டிக்கொள்வார். அந்தச் சுகம் இருக்கிறதே, அதை விட மனசு வராது. நடுநடுவே ஜோக் வேறு அடிப்பேன். அழுதுகொண்டு வருகிறவர்கள்கூடச் சிரித்துவிட்டுத்தான் போவார்கள். கடைக்குக் கூட்டம் வருவதே என் வாய்க்காகத்தான் என்று என் மனைவியிடம் சொல்லியிருக்கிறேன். "அந்த வாய்தான் ஒரு நாளைக்கு உன்னை உக்கார வைக்கும்" என்றாள் அவள். அதற்கும் ஒரு ஜோக் அடித்தேன்.

செங்கம் பக்கத்து கிராமத்திலிருந்து ஒரு அம்மா நாலைந்து மாதமாக வந்துகொண்டிருந்தார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். கணவர் பெங்களூரில் கட்டட வேலை. இங்கே இவர் ஒரு ஆளாக ஒன்றரை ஏக்கர் கரும்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிலத்துக்குப் போகிற வண்டிப் பாதையைப் பங்காளி முள்வேலி போட்டு அடைத்துவிட்டார். கரும்பு வெட்டுக்கு வந்துவிட்டது. டிராக்டர் உள்ளே போகாவிட்டால் கரும்பு காட்டிலேயே காய வேண்டியதுதான். அந்தப் பாதைக்காக அவர் கொடுத்த ஐந்து மனுவையும் நான்தான் அடித்தேன். கடைசியில் பலன் கிடைத்தது. வருகிற திங்கட்கிழமை பதினொரு மணிக்கு எதிர் அலுவலகத்தில் விசாரணை, இரண்டு பேரும் ஆஜராக வேண்டும் என்று கடிதம் வந்தது.

கடிதத்தை என்னிடம் காட்டிவிட்டு, கிளம்பாமல் நின்றார்.

"அண்ணா, ஒண்ணு கேக்கறேன். அவன் ஊர்ல சொல்லிக்கினு திரியறானாம். வெசாரணைக்குப் போற வழியிலயே கால ஒடைக்கறேன்றான். பஸ் ஸ்டாப்புக்கு ரெண்டு கிலோமீட்டர் நான் தனியா நடக்கணும். கதிர் அறுவாள பையில போட்டுக்கினு வரலாமா? போலீஸ் புடிப்பாங்களா?"

எனக்குத் தெரியாது என்பதுதான் உண்மை. அந்த இரண்டு வார்த்தையை நான் அந்தக் கடையில் சொன்னதே கிடையாது. கடையில் இன்னும் மூன்று பேர் நின்றிருந்தார்கள். அதாவது, எனக்கு ரசிகர்கள் இருந்தார்கள்.

"அறுவாளா? இன்னாம்மா, விசாரணைக்குப் போறியா, வெள்ளாமை அறுக்கப் போறியா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "சின்னதா வச்சுக்கம்மா. எத்தன இன்ச் வரைக்கும் வச்சிக்கலாம்னு சட்டமே இருக்குது. இரு, எடுத்துத் தரேன்."

செல்போனில் தேடினேன். ஆங்கிலத்தில் ஒரு பக்கம் வந்தது. கத்தி, பொது இடம், மாநிலச் சட்டம், நாலு இன்ச் என்று கண்ணில் பட்டது. போதுமே! அச்சடித்தேன். எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. வெளியே யாருக்கும் தெரியாது. நாள் முழுக்க காகிதம் அடிக்கிறவன் ஒரு காகிதத்தையும் படிக்க மாட்டான். எழுத்து நேராக விழுந்திருக்கிறதா, ஓரம் வெட்டுப்படாமல் இருக்கிறதா, அவ்வளவுதான் பார்ப்போம். நானும் அதைத்தான் பார்த்தேன். ஓரம் அருமையாக இருந்தது.

அதோடு விட்டேனா? லேமினேஷன் மெஷின் சூடாகத்தான் இருந்தது. உள்ளே விட்டேன். அந்தப் பக்கம் பளபளவென்று வந்தது. "இந்தா. போலீஸ் கேட்டா இதக் காட்டு. சல்யூட் அடிச்சு அனுப்புவாங்க" என்றேன். மேஜை டிராயரில் என்னுடைய மடக்குக் கத்தி ஒன்று கிடந்தது. கிரிவலப் பாதையில் வெளிநாட்டுக்காரர்கள் வாங்குகிற ஒரு கடையில் ஆசைக்கு வாங்கியது, மாங்காய் நறுக்க மட்டும் பயன்பட்டது. பிளாஸ்டிக் ஸ்கேலை வைத்து அளந்தேன். சரியாக நாலு இன்ச். அதையும் அவர் கையில் கொடுத்தேன்.

"அறுவாள ஊட்லயே வச்சிடு. இத்த வச்சிக்க. சட்டப்படி கரெக்டு."

இரண்டையும் மஞ்சள் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு போனார். அன்றைக்கு முழுக்க நான் ஒரு பெண்ணுக்குப் பாதுகாப்பு கொடுத்த மிதப்பில் இருந்தேன்.

அடுத்த திங்கட்கிழமை. திங்கட்கிழமைகளில் அலுவலக கேட்டில் எல்லோருடைய பையையும் சோதிப்பார்கள். விரக்தியில் யாராவது மண்ணெண்ணெய் கேனோடு வந்துவிடக் கூடாது என்பதற்காக. இருபது வருடமாக எதிரே உட்கார்ந்து வாராவாரம் பார்க்கிற எனக்கு இது நினைவுக்கு வரவில்லை பாருங்கள். கேட்டுக்குப் பத்தடி தள்ளி டீக்கடையில் கிளாசோடு நின்றிருந்தேன். மணி பத்தரை. அந்த அம்மா வரிசையில் வந்தார். புதுப் புடவை. தலை வாரிப் பூ வைத்திருந்தார். வழியில் ஒன்றும் ஆகவில்லை, நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டார் என்று நிம்மதியானேன்.

பெண் காவலர் பைக்குள் கையை விட்டார். மடக்குக் கத்தி வெளியே வந்தது.

"இன்னாம்மா இது?"

"கத்திங்க. நாலு இன்ச்சுதாங்க. சட்டம் இருக்குதுங்க, பாருங்க" என்று அந்த லேமினேட் காகிதத்தை நீட்டினார். குரலில் பயமே இல்லை. அவ்வளவு நம்பிக்கை என் மேல்.

பெண் காவலர் அதைப் பக்கத்தில் இருந்த அதிகாரியிடம் கொடுத்தார். அவர் மேலிருந்து கீழே படித்தார். நான் செய்யாத வேலை. படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஏம்மா, இது அமெரிக்கால ஒரு மாநிலத்துச் சட்டம். நீ எந்த ஊரு?"

வரிசை முழுக்கச் சிரித்தது. டீக்கடைக்காரர் சிரித்தார். கூட்டமே சிரித்ததால் என்ன ஏது என்று புரியாமல் அந்த அம்மாவும் கொஞ்சம் சிரித்தார். என் வாழ்நாளில் நான் அடித்த ஜோக்குக்கு இத்தனை பேர் சிரித்தது அன்றைக்குத்தான்.

விசாரணைக்கு வந்திருந்த பங்காளி உள்ளே இருந்து ஓடி வந்தார். "பாத்தீங்களா சார்? என்ன வெட்றதுக்குத்தான் எடுத்துக்கினு வந்துக்கிறா! சாமி மேல சத்தியமா சொல்றேன் சார், எனக்கு உசுருக்கு ஆபத்து!"

அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

"யாரும்மா குடுத்தது உனக்கு இத?" என்று அதிகாரி கேட்டார். அந்த அம்மா சுற்றிலும் பார்த்தார். என்னைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். பத்தடிதான். நான் போய், "சார், நான்தான் குடுத்தேன், கத்தியும் என்னுது, நான் ஒரு முட்டாள்" என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு நிமிட வேலை. நான் டீ கிளாசுக்குள் பார்த்தேன். ஈ ஏதோ விழுந்த மாதிரி அவ்வளவு கவனமாகப் பார்த்தேன். நிமிர்ந்தபோது அவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மஞ்சள் பையை மட்டும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருந்தார். அதில் பாதைக் கடிதம் இருந்தது.

கடைக்கு வந்து ஷட்டரைப் பாதி இறக்கினேன். கேட்டவர்களிடம் சாப்பாட்டுக்குப் போவதாகச் சொன்னேன். காலை பத்தே முக்காலுக்கு என்ன சாப்பாடு என்று எவரும் கேட்கவில்லை.

மதியம் என் வாடிக்கையாளரான ஒரு வக்கீல் வந்தார். யாருக்கோ கேட்பது போல அவரிடம் கேட்டேன்.

"எவன்யா அந்த அறிவாளி?" என்றார் அவர். "நம்ம நாட்டுல ஆயுதச் சட்டம் இருக்குது. ஒம்போது இன்ச்சுக்கு மேல நீளம், ரெண்டு இன்ச்சுக்கு மேல அகலம்னு அதுல ஒரு கணக்கு வரும். வீட்டு வேலைக்கும் வெவசாயத்துக்கும் செஞ்சத அதுல சேக்கறதில்ல. ஆனா அளவு மட்டுமே சட்டம் இல்லய்யா. எங்க எடுத்துக்கினு போற, எதுக்கு, யார் கூட உனக்குத் தகராறு, எல்லாம் கேப்பாங்க. கூட்டம், திருவிழானா தனியா உத்தரவு வேற போடுவாங்க. அந்தம்மா அறுவாள வச்சிருந்தாகூட, கரும்புக் காட்லருந்து வரேன்னு ஒரு வார்த்த சொல்லலாம். எதிராளி உள்ள நிக்கறான், இவ பையில மடக்குக் கத்தி. இன்னா பதில் சொல்லுவா?"

"அவங்களுக்குப் பயமா இருந்துச்சாம் சார்."

"பயமா இருந்தா அதையே ஒரு மனுவா எழுதி ஸ்டேஷன்ல குடுக்கணும். எழுதித் தர ஒருத்தனுமா இல்ல?"

பேப்பர் தட்டைச் சரிசெய்கிற சாக்கில் நான் குனிந்துகொண்டேன்.

அடுத்த மூன்று வாரம் நான் தூங்கிய தூக்கம் எனக்குத்தான் தெரியும். கடை வாசலில் காக்கிச் சட்டை தெரிந்தால் எழுந்து நின்றுவிடுவேன். ஒரு தபால்காரரைப் பார்த்துக்கூட எழுந்து நின்றிருக்கிறேன். யாரும் வரவில்லை. ஒருவேளை அந்த அம்மாவுக்கு என் பெயர் தெரியாதோ என்று நினைத்துக்கொள்வேன். தலைக்கு மேலே பெரிய எழுத்தில் போர்டு தொங்குகிறது.

நாலாவது திங்கட்கிழமை அவரே வந்தார். இளைத்திருந்தார். "ரெண்டு காப்பி எடுண்ணா" என்று ஒரு கட்டுக் காகிதத்தை நீட்டினார். முதல்முறையாக, மெஷின் கண்ணாடி மேல் வைப்பதற்கு முன்னால் நான் படித்தேன். ஒரு வருடம் யாரோடும் எந்தத் தகராறும் செய்ய மாட்டேன் என்று அவர் எழுதிக் கொடுத்த பத்திரம். இன்னொன்று, போலீஸ் கைப்பற்றிய பொருட்களின் பட்டியல். மடக்குக் கத்தி ஒன்று. லேமினேட் செய்த காகிதம் ஒன்று. அதன் கீழே அவருடைய வாக்குமூலம்: கத்தி நான் கிரிவலப் பாதைக் கடையில் வாங்கியது. காகிதம் சாலையில் கிடந்தது, எடுத்து வைத்துக்கொண்டேன்.

எழுத்து மங்கியது. மெஷின் மேல் பழி போட முடியவில்லை.

"ஏம்மா, என் பேரச் சொல்லி இருக்கலாமே?"

"சொன்னா உன்னையும் இட்டுக்கினு போயிருப்பாங்க. அப்புறம் எனக்கு அடுத்த மனுவ யாருண்ணா எழுதறது?"

அவர் அதைப் பெரிய தியாகமாகச் சொல்லவில்லை. பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னார்.

"பாதை இன்னாம்மா ஆச்சு?"

அன்றைக்கு விசாரணைக்கு அவர் ஆஜராகவில்லை. ஸ்டேஷனில் இருந்தவர் எப்படி ஆஜராவார்? பங்காளி மட்டும் போய், அங்கே பாதையே கிடையாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். இனி மேல்முறையீடுதான். கரும்பில் பாதியை ஆள் விட்டுத் தலைச்சுமையாக ரோட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். மீதி காட்டிலேயே காய்ந்துவிட்டது.

"அது போனாப் போவுதுண்ணா. இப்போ வரப்பு மேல நின்னுக்கினு வாய்க்கு வந்தபடி கேக்கறான். பதிலுக்கு ஒரு வார்த்த பேச முடியல. பேசினா, பத்தரத்த மீறிட்டேன்னு உள்ள போட்ருவாங்கனு அவனுக்குத் தெரியும். தெரிஞ்சே பேசறான்."

அன்றைக்குச் சாயங்காலமே அவரை அந்த வக்கீலிடம் அழைத்துப் போனேன். "அந்த அறிவாளி நான்தான் சார்" என்று சொன்னேன். நான் செய்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அது பத்திரத்தை ரத்து செய்யவில்லை. வக்கீல் என்னைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மேல்முறையீட்டு மனுவை அடித்தபோது, ஒவ்வொரு வரியையும் அந்த அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டி, அவர் தலையாட்டிய பிறகுதான் அச்சுக்கு விட்டேன். பின்னால் நின்றவர்கள், "இன்னாண்ணா, பரீச்சைக்குப் படிக்கிறியா?" என்றார்கள். சிரித்தார்கள். நான் அடுத்த வரியைப் படித்தேன்.

அந்த ஒரு வருடம் முடிந்துவிட்டது. பாதை இன்னும் திறக்கவில்லை. அவர் இன்னும் திங்கட்கிழமை வருகிறார். கேட்டுக்கு இருபதடி தூரத்திலேயே, யாரும் கேட்பதற்கு முன்னால், மஞ்சள் பையின் வாயை அகலமாகத் திறந்து முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டே நடக்கிறார். கடைக்குள் உட்கார்ந்து அதைப் பார்க்கும் ஒவ்வொரு திங்கட்கிழமையும், "எனக்குத் தெரியாதும்மா" என்று அன்றைக்கு நான் சொல்லாமல் விட்ட அந்த இரண்டு வார்த்தை, இன்னும் ஒரு ஏழையின் பாதைக்குக் குறுக்கே முள்வேலியாகக் கிடப்பதை நான் பார்க்கிறேன்.