மாமியார் சூடாகிவிட்டார்

எங்கள் பிஸ்கட் தொழிற்சாலையின் கன்ட்ரோல் ரூம் அக்கா, எரிச்சல் வந்தால் குடும்பத்தைத்தான் இழுப்பாள். நான்கு இயந்திரங்களுக்கும் தனித்தனி சர்வர்; நான்கையும் அவளுடைய ஒரே கம்ப்யூட்டரோடு இணைக்க வேண்டும். வந்து இறங்கிய நான்குக்கும் பெயர் ‘மெஷின்-1’. யாரைக் கேட்பது என்று தெரியாமல் கம்ப்யூட்டர் திருதிருவென விழித்தது.

“இருங்கடா, உங்களுக்கு நான் பேர் வைக்கிறேன்!”

மாவு பிசைவது கணவர், வெட்டுவது நாத்தனார், பெட்டியில் அடைப்பது கொழுந்தன், அடுப்பு மாமியார். அவ்வளவுதான், நால்வரும் திரையில் கலகலவென்று பேசத் தொடங்கினார்கள். அக்கா நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினாள்.

“நான் கேட்டதும் எங்க வீட்டுல நாலு பேரும் பதில் சொல்றது இதான்டி முதல் தடவை!”

அந்த நேரம் பார்த்து நிஜ மாமியாரின் போன் வந்தது. அக்கா ஸ்பீக்கரில் போட்டாள். அடுப்பருகே இருந்த திரையில் புதுப் பெயரைப் பார்த்த சூப்பர்வைசர் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார்.

“அம்மா, மாமியார் கண்டபடி சூடாகுது! உடனே ஆஃப் பண்ணுங்க!”

போனில் மாமியார் வெடித்தார்.

“யாருடி அவன்? என்னை ஆஃப் பண்ண இனிமேதான் ஒருத்தன் பொறந்து வரணும்!”

அக்கா பட்டனை அழுத்தினாள். அடுப்பு அணைந்தது. போன் அணையவில்லை.