பள்ளிக்கூடத்துக்குப் பெயர் வைத்த அத்தை

பிள்ளைக்குப் பெயர் வைப்பதில் சண்டை வந்து பார்த்திருப்பீர்கள். எங்கள் தோட்டத்தில் பள்ளிக்கூடத்துக்கே பெயர் வைக்கச் சண்டை போட்டார்கள்.

பள்ளிக்கூடம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மலாயாவில் கிளாங்கைத் தாண்டி, தோட்டத்தின் இரண்டாம் டிவிஷனில், ரப்பர் மரங்களுக்கு நடுவே, கைக்குழந்தைகளை விட்டுப்போகும் ஆயாக்கொட்டகையை ஒட்டி இறக்கிய ஒரு தகரச் சாய்ப்பு. ஒரு கரும்பலகை, பதினொரு பையன்கள். மத்தியானத்துக்கு மேல், ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியே வாத்தியார் ஆகிவிடுவார்.

நான் அதில் இல்லை. காலையில் அப்பாவோடு காட்டுக்குப் போய், மரப்பட்டையில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலைப் பொறுக்குவேன். மத்தியானம் கைக்குழந்தையான தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு, சாய்ப்புக்கு வெளியே நின்று பையன்கள் அடி வாங்குவதைப் பார்ப்பேன். அந்த அடி எனக்கும் வேண்டும்போல் இருக்கும். கேட்டால் அப்பா, "பொட்டப்புள்ள படிச்சு தொரைக்குத் தந்தி அடிக்கப் போவுதா?" என்பார். எங்களோடு இருந்த அவருடைய அக்கா, என் அத்தை, எனக்காக இரண்டு முறை கேட்டுப் பார்த்து, இரண்டு முறையும் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

அப்போதுதான் கிராணி, பள்ளிக்கூடத்துக்குப் பெயர்ப்பலகை வரப்போகிறது, நல்ல பெயராகச் சொல்லுங்கள் என்றார். தன் அப்பா பெயர்தான் வேண்டும் என்றார் எங்களையெல்லாம் வேலை வாங்கும் கங்காணி. மாரியாத்தா பெயரை விட்டால் அம்மை வார்க்கும் என்றார் பூசாரி. நான்கு நாள், நாங்கள் குடியிருந்த லயம் முழுக்க இதே கூச்சல். ஐந்தாம் நாள் அத்தை நடுவில் புகுந்தாள்.

"பேரு வைக்கிறது அத்தை பாத்தியத. ஆம்பளைங்களுக்கு இங்க என்னா வேல?"

"பள்ளிக்கூடத்துக்கு ஏதும்மா அத்தை?" என்று சிரித்தார் கங்காணி.

"அங்க படிக்கிற பொண்ணு ஒருத்திக்கு அத்தையா இருந்தாப் போதும் கங்காணியண்ணே."

அங்கே பெண்ணே இல்லையே! எல்லார் கண்ணும் அப்பா மேல் திரும்பியது. இதற்குள் அத்தை, "ஒங்கப்பா பேருதாண்ணே வைப்பேன்" என்று கங்காணி காதிலும், "ஆத்தா பேருதான் சாமி" என்று பூசாரி காதிலும் ஓதியிருந்தாள். இருவரும் ஒரே குரலில் அப்பாவை அதட்டினார்கள். கங்காணி சொன்னால் யார் மறுப்பது? என் பெயர் ரிஜிஸ்டரில் ஏறியது.

மறுநாள் சாய்ப்பின் முன்காலுக்கு மஞ்சள் துணி கட்டினாள் அத்தை. சீனித்தண்ணீர் தொட்டு வைத்தாள். மரத்துக்குக் காது எங்கே என்று தடவித் தேடி, மூன்று தடவை குசுகுசுத்தாள். தோட்டமே கழுத்தை நீட்டியது.

"என்னா பேரு?"

"பலக வர்றவரைக்கும் வெளிய சொன்னா கண்ணு பட்டுரும். அதுவரைக்கும் இந்தக் குட்டி ஒரு நாள்கூட நிக்காம வரணும். நின்னா வச்ச பேரு நிக்காது."

அப்படி ஒரு சாஸ்திரம் எந்த ஊரிலும் கிடையாது. ஆனாலும் எனக்குக் காய்ச்சல் வந்தபோது கங்காணியே தோளில் தூக்கிக்கொண்டு போய் என்னைப் பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்தார். அப்பா தனியாக ஒட்டுப்பால் பொறுக்கப் பழகினார். தம்பி ஆயாக்கொட்டகையில் கிடந்து கத்தப் பழகினான்.

சில மாதம் கழித்துப் பலகை வந்தது. யாரையும் கேட்காமல் துரையே ஒரு பெயரை எழுதவைத்து அனுப்பிவிட்டார். கங்காணிக்குப் படிக்கத் தெரியாது, பூசாரிக்கும் தெரியாது. கிராணி அன்று ஆபீஸில் இருந்தார்.

"ஏ குட்டி, என்னா போட்டிருக்கு?" என்றார் கங்காணி.

எழுத்தெழுத்தாய்க் கூட்டினேன். "இ-ர-ண்-டா-ம் டி-வி-ஷ-ன் த-மி-ழ்ப் பா-ட-சா-லை."

"அம்புட்டுதானா? எங்கப்பா எங்க?"

"ஆத்தா எங்க?"

இருவரும் அத்தையைப் பிடித்து உலுக்கினார்கள். "ஏம்மா, நீ காதுல சொன்னது என்னா பேரு?"

"மறந்துபோச்சுண்ணே" என்றாள் அத்தை, வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு.

எனக்கு அழுகையாய் வந்தது. அத்தை வைத்த பெயரைத் துரை அழித்துவிட்டார், அத்தை தோற்றுவிட்டாள் என்று நினைத்தேன். அவளோ பலகையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"இன்னொருவாட்டி படி" என்றாள்.

படித்தேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஏதோ ஒட்டியிருக்கிறது போலிருக்கிறதென்று பாவாடையால் வாயைத் துடைத்துக்கொண்டேன்.