கப்பலேறாத லேப்டாப்

இந்த அந்தமான் தீவில் எது கெட்டாலும் ஒரே வைத்தியம்தான்: மெயின்லேண்டுக்கு அனுப்பு. கிட்னி கெட்டாலும் அனுப்பு, கிரைண்டர் கெட்டாலும் அனுப்பு. மங்கையர்க்கரசிக்கு அந்தப் பேச்சைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். பெற்றோரைச் சிலோன் மலையிலிருந்து கப்பலேற்றிக் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் இறக்கினார்கள். சுனாமி வந்தது, அங்கே பிறந்த இவளைக் கப்பலேற்றி போர்ட் பிளேயரில் இறக்கினார்கள். "எங்க குடும்பம் ஏறின கப்பலெல்லாம் போதும்" என்பாள்.

இப்போது குடியிருக்கும் சிப்பிகாட்டில் அவளைத் தெரியாதவர்கள் உண்டு, அவள் குரலைத் தெரியாதவர்கள் கிடையாது. கோயில் கூழோ, மீன்கடை திறப்போ, எதுவானாலும் அறிவிப்பை அவள்தான் பேசி, மேளம் சேர்த்து, லேப்டாப்பில் பதிவு செய்வாள். புருஷன் அழகையா தன் ஆட்டோவின் தலையில் ஹாரன் ஸ்பீக்கர் கட்டித் தெருத்தெருவாகப் போட்டுக்கொண்டு போவான். முதலில் தமிழ், பின்னாலேயே பஜார் ஹிந்தி. பக்கத்துத் தோட்டத்துப் பெங்காலிக்காரர்களுக்கும் விளங்க வேண்டாமா?

இந்த ஆடியில்தான் வினை வந்தது. கோயில் கமிட்டிச் செயலாளர் சந்திரமோகன், மதுரைப் பக்கத்திலிருந்து வந்த காண்ட்ராக்டர். ஆடிக்கூழ் அறிவிப்புக்கென்று சென்னையில் ஏதோ ஸ்டுடியோவில் ஒரு குரலைப் பதிவு செய்து வாங்கி வந்துவிட்டார்.

"சுத்தத் தமிழும்மா. உன்னோடது கதம்பமால்ல இருக்கு? நாளைக்குக் கூழு. இன்னிக்குச் சாயங்காலம் பூஜை முடிஞ்சு ரெண்டையும் கேப்போம். எதைப் போடறமோ, இனிமே வருசாவருசம் அதே ஆளுதான்."

போகட்டும் என்று விடுகிற ஜென்மமா அவள்? நேரே வந்து பதிவுக்கு உட்கார்ந்தாள். லேப்டாப் ஊமையாகக் கிடந்தது.

பழைய விண்டோஸ் நத்தையாய் நகர்கிறதென்று முந்தின நாள்தான் அதைத் துடைத்தெறிந்துவிட்டு லினக்ஸ் ஏற்றியிருந்தாள். எல்லாம் ஜோராக ஓடியது, சத்தம் மட்டும் இல்லை. ஸ்பீக்கர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'டம்மி அவுட்புட்' என்றிருந்தது. மைக் இருக்கிற சுவடே காணோம்.

"டம்மியா? யாரைப் பாத்து?" என்று திரையோடு சண்டைக்குப் போனாள்.

"செல்போன்ல பேசிட்டுப் போயேன்" என்றான் அழகையா.

"ஹாரன்ல போட்டா தகர டப்பாவை உருட்டுன மாதிரி இருக்கும். அதைக் கேட்டுட்டு அந்தாளு சிரிக்கணுமா?"

லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு அபர்டீன் பஜாருக்கு ஓடினாள். ரிப்பேர் கடை தேவேந்திரன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "சவுண்டு சிப்பு போச்சு தீதி. மெயின்லேண்ட் அனுப்பணும்."

"அரே, நேத்து வரைக்கும் பாடிக்கிட்டிருந்தது! பொறந்த வீட்டுல வாயடிச்ச பொண்ணு, போன வீட்டுல பேசலைன்னா நாக்கா அறுந்துபோச்சு? புது எடம், யாருக்கும் அவளைத் தெரியல. அவ்வளவுதான். குடுய்யா இங்க!"

வீட்டுக்கு வந்து, மெஷினுக்குள் என்னென்ன இருக்கிறதென்று வரிசையாகச் சொல்லும் கட்டளையைத் தட்டினாள். நட்ட நடுவில் சவுண்டு சிப்பின் பெயர், கல்லுக்குண்டு மாதிரி! சிப்பு சாகவில்லை. அதைப் பேசவைக்க ஃபர்ம்வேர் என்று ஒரு சின்னக் கோப்பு வேண்டும், அது ஏறவில்லை. ரேஷன் கார்டில் பேர் இருந்து கடையில் அரிசி வராத கதைதான்.

செல்போனைக் கேபிளில் மாட்டி நெட் எடுத்தாள். அவசரத்தில் வேறொரு சிப்புக்கான கோப்பை ஏற்றித் தொலைத்தாள். மறுபடி டம்மி. சரியானதை இறக்கும்போது மழை பிடித்துக்கொண்டது, நெட் பாதியில் செத்தது. "நாசமாப் போக!" என்று நெட்டைத் திட்டினாள், மழையைத் திட்டினாள், குறுக்கே வந்த அழகையாவையும் திட்டினாள். திட்டிக்கொண்டே மறுபடி இறக்கினாள். ஏற்றினாள். அணைத்துப் போட்டாள்.

டம்மியைக் காணோம். ஸ்பீக்கர் தன் சொந்தப் பெயரோடு உட்கார்ந்திருந்தது. மைக்கைச் செருகி "ஹலோ" என்றாள். பச்சைக்கோடு துள்ளியது. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அதே சூட்டில் தமிழும் ஹிந்தியுமாகப் பேசிப் பதிந்துகொண்டு கோயிலுக்கு ஓடினாள்.

பூஜை முடிந்தது. மெயின்லேண்டுக் குரல் முதலில் ஓடியது. தேன்தான், யார் இல்லை என்றது? அடுத்து மங்கையுடையது. சந்திரமோகன் தாடையைச் சொறிந்தார்.

"உன் குரலும் பரவால்ல. அந்த ஹிந்தியை மட்டும் வெட்டிடு, உன்னோடதையே போட்டுக்கலாம்."

ஆசைதான். ஒரு வெட்டு வெட்டினால் வருசாவருசம் அவள் குரல்தான்.

"வெட்ட மாட்டேன் அண்ணே. கூழுக்கு வரிசையில நிக்கறதுல பாதி பெங்காலிங்க. உங்க தேன் குரலு அவங்களுக்கு என்னா சொல்லுது?"

"அதைக் கமிட்டி பாத்துக்கும். அதுவரைக்கும் உன்னோடது வெளிய போகக் கூடாது."

மங்கை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய் ஆட்டோவில் உட்கார்ந்தாள். அழகையா தயங்கினான். "அந்தாளு விரோதம் நமக்கு எதுக்குடி?"

"வண்டியை எடுக்கறியா, நான் எடுக்கவா?"

எடுத்தான். மழை விட்ட தெருவில் ஹாரன் முழங்கியது. கீரைப் பாத்தியில் குனிந்திருந்த பெங்காலிக்கார அம்மாள் நிமிர்ந்து, "கல் ஆயேங்கே, தீதி!" என்று கையசைத்தாள்; நாளைக்கு வந்துவிடுவோம் அக்கா என்கிறாள்.

செல்போன் அடித்தது. சந்திரமோகன். "யாரைக் கேட்டு இதைப் போடற?"

"யாரையும் கேக்கல அண்ணே. உங்க தெருவுக்குத்தான் வந்துக்கிட்டிருக்கோம். நீங்க கேளுங்க."

சொல்லிவிட்டு, சத்தத்தை முழுசாகத் திருகி வைத்தாள்.